மூன்றாவது போத்தல்

சேசு மரி சூசை

குருநகர்
18.08.1993

அன்பு மருமகன் லியோனுக்கு,

மாமா அடைக்கலநாதன் எழுதுவது. மிஞ்சியிருக்கிற நாங்கள் சுகம். எல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முதலே சொன்னவன். குருநகர் முழுக்கச் சாட்சி.

உன் அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை நேற்று முடிந்தது. பங்குச் சுவாமியே என் ஏற்பாட்டைப் பார்த்து அசந்துபோனார். நீ லண்டனிலிருந்து அனுப்பிய கொழுப்பு மருந்து அம்மாவுக்கு ஏறியதா என்று கேட்டிருந்தாய். செல் குண்டு பட்டுக் குடலை வெட்டின பிறகு நரம்பு வழியாகத்தான் சாப்பாடு என்று உனக்கு எழுதியவனும் நான்தானே.

அந்த மருந்துப் போத்தல் மூன்றையும் கிளாலிக் கடலால் நானே கொண்டுவந்தேன். நேவிப் படகு கிட்ட வந்தது. நான் எழும்பி நின்று முறைத்த முறையில் திரும்பிவிட்டது. ஆனால் போத்தல்கள் அதற்கு முன்பே வழியில் கிழமைக்கணக்கில் வெயிலில் கிடந்தவை.

வெயிலில் பழுதாகி எண்ணெய்த் துளிகள் பெருத்துவிட்டனவோ என்று பார்க்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துச் சூசைதாசனிடம் கொடுத்தேன். கரண்ட் இல்லாத ஊரில் நீ வேலை செய்கிற இடத்தில் இருக்கிற மாதிரித் துளி அளக்கும் மெசினுக்கு எங்கே போவது? சிவப்பணு எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். அவனும் அதையே நினைத்திருக்கலாம். என் விரலில்தான் குத்தினான். மைக்கிரஸ்கோப்பின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தான். “அண்ணை, உங்கடை இரத்தத்திலையும் புளுகு ஓடுது” என்று பகிடி விட்டவன் பிறகு சிரிக்கவில்லை. முதல் போத்தலில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து என் சிவப்பணுவை விடப் பெருத்திருந்தன. “உது ஏறினால் நுரையீரலிலை போய் அடைக்கும்” என்றான். இரண்டாவதில் எண்ணெய் பிரிந்து மேலே வளையமாக நின்றது.

மூன்றாவது மட்டும் சுத்தம். அதை ஏற்றினோம். “தம்பி அனுப்பினதோ?” என்று உன்னை நினைத்து அம்மா கேட்டா. ஓம் என்றேன். “பால் மாதிரிக் கிடக்கு” என்று அதையே பார்த்துக்கொண்டு கிடந்தா. முகம் தெளிந்தது. விடியப் போய்விட்டா.

நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சாப்பிடு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மாமா அடைக்கலநாதன்

பி.கு: ஒட்டின கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மூன்றாவதில் துளி என்ன அளவு என்று நீ கேட்பாய். உன் தொழில் அது. அதுவும் பிரிந்துதான் இருந்தது, மகன். ஏற்றவில்லை. என் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தபடியால் சேலைன் கம்பியில் சும்மா கொழுவிவிட்டேன். ஊசி பூட்டவில்லை. ஆனால் அம்மா கேட்டது உண்மை, பார்த்துக்கொண்டு கிடந்ததும் உண்மை. மாதாவாணை, அதையாவது நம்பு.