நாலு தலையணை உறையும் நீல நூலும்

அன்புள்ள எஸ்தர் மதினிக்கு,

அன்பு என்று எழுத வரும்போது கை கொஞ்சம் நின்றது. ஆனாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உங்கள் மகள் கிரேஸ் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தாள். அவள் மகளுக்குப் புதுநன்மையாம், கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாளாம். "முக்காட்டுக்கு லேஸ் நீங்கதான் பின்னணும் அத்தை. அம்மா இருந்தா உங்ககிட்டதான் சொல்லியிருப்பா" என்றாள். சரிம்மா என்று என் வாய் சொல்லிவிட்டது. செத்தும் என்னை விடமாட்டீர்களா மதினி?

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, மடத்து சிஸ்டர்களிடம் லேஸ் பின்ன அனுப்பினார்கள் என்னை. அந்த ஊசியே எனக்கு விலங்காகும் என்று யார் கண்டார்? கிரேஸ் கல்யாணம் பேசி முடித்த அன்று, ராஜபாளையத்தில் உங்கள் வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னீர்கள்: "தலகாணி உறைக்கெல்லாம் நம்ம அன்னம் லேஸ் பின்னிருவா. வீட்ல சும்மாதான இருக்கா."

சும்மா! மூன்று பிள்ளைகள், தெருக்குழாய்த் தண்ணீர், படுத்த படுக்கையாக உங்கள் அம்மா. இதற்குப் பெயர் சும்மாவா?

அதே மாதம்தான் கூமாப்பட்டியில் என் தங்கச்சி கல்யாணம். ஒரு வாரம் முன்னால் போகிறேன் என்றதற்கு என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் தம்பி, "அக்கா வேலய முடிக்காம எங்கட்டி கெளம்புத?" என்றார். தாலி கட்டும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். வெறுங்கை. தங்கச்சி என் கையைப் பார்த்துவிட்டு, "ஒன் லேஸ் அம்புட்டும் ராஜபாளையத்துக்குத்தானாக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஆத்திரத்தில் ஒன்று செய்தேன். லேஸ் என்பது ஒரே நூல். கடைசிக் கண்ணியில் முடிச்சுப் போடாமல் விட்டால், ஒரு இழுப்பில் வரிசை வரிசையாக அவிழ்ந்துவிடும். கிரேஸின் நாலு உறையிலும் நுனியை முடியாமல்தான் கொடுத்தேன். முதல் வெளுப்பிலேயே அவிழட்டும், மானம் போகட்டும், இனி என்னைக் கேட்கமாட்டார்கள் என்று காத்திருந்தேன்.

அவிழவில்லை. அடுத்த மாதமே நீங்கள் வந்து, அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு, "எங்க அன்னம் பின்னுனது எம்புட்டு இழுத்தாலும் அவுராது!" என்றீர்கள். கையோடு டி.வி.க்கு ஓர் உறை கேட்டீர்கள். பிறகு ஞானஸ்நானத் தொப்பி, யார் யாருடைய கல்யாணமோ. பத்து வருடம் என் விரல் ஓயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் அந்த நாலு தலையணை உறைகளை மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தாள். நாலு நுனியிலும் நீல நூலில் முடிச்சு. மில் ஆட்களின் நீலச் சட்டை தைக்க நீங்கள் வைத்திருந்த அதே நீல நூல்.

"கல்யாணத்துக்கு முந்தின நாளே அம்மா பாத்து முடிஞ்சு வச்சுட்டா அத்தை. 'அவளுக்கு எம்மேல கோவம் இருக்கும்ட்டி, வெளிய சொல்லாத'ன்னா."

கோபம் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் டி.வி. உறை கேட்டீர்களே மதினி, அது மன்னிப்பா, தண்டனையா? என்னைக் காப்பாற்றினீர்களா, கட்டிப்போட்டீர்களா? உயிரோடிருந்தால் முந்தானையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

உங்கள் பேத்தி பச்சைப்பிள்ளை, அவள் மேல் எனக்குக் கோபமில்லை. முக்காட்டுக்குப் பின்னித் தருகிறேன். இந்த முறை நுனியை நானே முடிவேன், இது சத்தியம். முடித்த கையோடு ஊசியையும் கிரேஸிடம் கொடுத்துவிட்டு, கூமாப்பட்டி பஸ் ஏறுவேன். தங்கச்சி வீட்டில் ஒரு மாதம், நீங்கள் அன்று சொன்னீர்களே, அப்படியே சும்மா இருப்பேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உங்கள் தம்பி பெண்டாட்டி,
அன்னம்