அம்மாவுக்கு ஒரு இடது கை ரைபிள்

ஜனவரி 10, சனி

காலையில் கடும் மூடுபனி. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போக அஜ்மானை விட்டுக் கிளம்பவே தாமதம். அம்மா காரில் ஏறியதும், "பனியில எதைச் சுடறது கண்ணு?" என்றாள். ஆனாலும் இறங்கவில்லை.

முடிவு செய்துவிட்டேன். மாதக் கடைசியில் அம்மா ரிட்டயர் ஆகிறாள். அவளுக்கு என் பரிசு ஒரு ரைபிள். தூரத்து இலக்கைப் படுத்துச் சுடுவதற்கான நல்ல ரைபிள்.

இங்கே வாங்க முடியாது. இங்கே நமக்கு ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கி மட்டும்தான். கோயம்புத்தூரில் வாங்க வேண்டும். அங்கே ரைபிள் கிளப்பில் அம்மா உறுப்பினர். போன லீவில் லைசென்ஸும் வந்துவிட்டது.

அப்பா இறந்த பிறகு ஆரம்பித்த பழக்கம். அம்மா எக்ஸ்ரே எடுக்கும் கிளினிக் ஆட்களோடு ஒரு நாள் சும்மா போனாள். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு அதோடு விட்டார்கள். அம்மா விடவில்லை.

புடவை மாதிரி ஒளித்து வைத்துக் கொடுக்கிற பொருள் இல்லை இது. தோளுக்கும் கைக்கும் பொருந்த வேண்டும். அதனால் வண்டியிலேயே சொல்லிவிட்டேன்.  உம்முல் குவைன் தாண்டும்போது அம்மா, "கனம் பாத்து வாங்கோணும்" என்றாள். 

பால், கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

சென்னையிலிருந்து அண்ணன் போன். அம்மாவுக்கு மசாஜ் நாற்காலி பார்த்து வைத்திருக்கிறானாம், பாதிப் பணம் நான் போட வேண்டுமாம். ரைபிள் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது.

"சுதா, உனக்கு வெவரமே இல்ல. ரெண்டு குழந்தைங்க இருக்கற வீட்ல துப்பாக்கியா?"

"உன் வீட்டுக்கு எதுக்கு வருது? அம்மா வீட்டுக்குத்தானே."

"அம்மா இங்கதான் இருக்கப் போறாங்க. திவ்யா மார்ச்சுல இருந்து வேலைக்குப் போறா. குழந்தைங்களப் பாத்துக்க ஆள் வேணும். கோயம்புத்தூர் வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பாத்தாச்சு."

நீயும் அண்ணியும் அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். "அம்மா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?"

அண்ணன் கெட்டவன் இல்லை. இதை எழுதி வைக்கிறேன், நாளைக்குக் கோபத்தில் மறந்துவிடுவேன். ஆனால் கேட்கவே இல்லையே.

அம்மா சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெங்காயம் நறுக்கினாள், இடது கையால், படபடவென்று.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு இல்லை. அம்மா டியூட்டிக்கு முன்பே குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டாள். முந்திரி கொஞ்சம் கருகல்.

பண்டிகை நாளிலும் கோயம்புத்தூர் துப்பாக்கிக் கடைக்காரர் போனை எடுத்தார். மரியாதையான மனிதர். பேச்சுதான் எரிச்சல்.

"அப்பாவுக்குங்களா மேடம்?"

"அம்மாவுக்கு."

"லேடீஸுக்குங்களா? அப்பச் சின்னதா ஏர் ரைபிள் ஒண்ணு போதுமுங்க. தோளும் வலிக்காது."

தோள் வலி பற்றி அவரிடம் கேட்கவில்லை. தூர ரேஞ்சுக்கு எது, குழல் நீளம் என்ன, தோளில் வைக்கும் அடிக்கட்டையை ஏற்றி இறக்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் நிதானித்துப் பதில் சொன்னார். கடைசியில் அவரே, "அம்மா நல்லாச் சுடுவாங்களோ?" என்றார்.

"வந்து பாருங்க."

கொழுப்புதான் எனக்கு. இருக்கட்டும்.

ஜனவரி 17, சனி

வெயில் இதமாக. காற்றுதான் அதிகம், மணல் கண்ணில்.

ரேஞ்சில் அம்மா வாடகை ரைபிள்களை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தாள். முதலாவது கனம். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் கட்டையில் கன்னம் பதியவில்லை. பயிற்சியாளர் ஹனான், எகிப்துக்காரி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "உன் அம்மா இடது கைக்காரி. இதெல்லாம் வலது கைக்காரர்களுக்குச் செய்தது. ஒவ்வொரு குண்டு போடும்போதும் தலையைத் தூக்கி, வலது பக்கப் பிடிக்குக் கையைக் குறுக்கே நீட்டுகிறாள். மறுபடி முதலிலிருந்து குறி வைக்கிறாள்."

இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை.

ஹனான் உள்ளே போய் ஒரு பழைய ரைபிளைக் கொண்டுவந்தாள். அதில் குண்டு போடும் பிடி இடது பக்கம். அம்மா படுத்தாள். தலை அசையவே இல்லை. சுட்டாள், கைப்பிடியை இழுத்தாள், மறுபடி சுட்டாள். இலக்கு அட்டையை எடுத்துவந்து பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. ஹனான் கையைத் தட்டித் தூசி உதறினாள். "கலாஸ், முடிந்தது. இதே மாதிரி வாங்கு."

அங்கிருந்தே கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லெஃப்ட் ஹேண்டு கையிருப்பு இல்லீங்க. வெளியிருந்து வரவழைக்கோணும், மாசக் கணக்காகுமுங்க. அம்மாவ ரைட்டுலயே பழகிக்கச் சொல்லுங்க."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "தம்பி, சின்னதுல அடிச்சு அடிச்சு எழுதறதுக்குப் பழக்கினாங்க. சாப்படறதுக்கும் பழக்கினாங்க. பழகிட்டேன். இதுக்குப் பழக மாட்டேன். நீங்க வரவழைங்க, நான் காத்திருக்கறேன்."

"சரிங்கம்மா" என்றார் அந்த மனிதர். வேறென்ன சொல்வார்.

ஜனவரி 30, வெள்ளி

கிளினிக்கில் வழியனுப்பு. கேக், பிரியாணி, ஒரு சுவர்க் கடிகாரம். வரவேற்பில் இருக்கும் கேரளப் பெண் அம்மா மாதிரியே பேசிக் காட்டினாள். "மூச்சை இழு, பிடி, அசையாதே!" தமிழ், இந்தி, அரபி மூன்றிலும். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும். கண்ணைத் துடைத்ததை நான் மட்டும் பார்த்தேன்.

டாக்டர் கேட்டார், இனி என்ன, பேரப்பிள்ளைகளா என்று. அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

ஜனவரி 31, சனி

சொல்லிவிட்டாள்.

அண்ணன் போனில், வாடகைக்கு வருகிறவர் சாவி கேட்கிறார் என்றான்.

"அந்த வீட்ல நான் குடியிருக்கப் போறேன் செந்திலு. அவங்க வேற வீடு பாத்துக்கட்டும்."

"தனியாவா? எதுக்கும்மா? அந்தத் துப்பாக்கிக்காகவா?"

"ஆமா. அதுக்காகத்தான்னே வெச்சுக்க."

"அப்ப குழந்தைங்க?"

 அம்மாவின் குரல் உயரவே இல்லை. "பாக்க வருவேன் சாமி. பாத்துக்க வரமாட்டேன். உங்க ரெண்டு பேரையும் வேலைக்குப் போய்ட்டேதான் வளத்தேன். திவ்யாவும் போகட்டும். ஆள் வெச்சுக்கங்க."

 அண்ணன்தான் போனை வைத்தான்.

 அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதாது என்றாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தூறல். ஷார்ஜா ரோடு முழுக்க நெரிசல், ஆபீசுக்கு லேட்.

அண்ணன் இன்னும் பேசவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. கடைக்காரர் கூப்பிட்டார். ஆர்டர் போய்விட்டதாம், இடது கைதான், அம்மா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

சாயங்காலம் டிக்கெட் போட உட்கார்ந்தோம். சென்னை வழியாகப் போனால் அண்ணனைச் சமாதானப்படுத்திவிட்டுப் போகலாமே என்றேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். "நேராக் கோயம்புத்தூருக்குப் போடு. ஜன்னல் சீட்டு."