கைநாட்டு கேட்டு வந்த தாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நெஞ்சை இரண்டாகப் பிளந்து மறுபடி மூடியவன் எவ்வளவு நலமாக இருக்கலாமோ அவ்வளவு நலமாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் தையல் எதுவும் இல்லாமலே நலமாக இருங்கள். இது யார் கையெழுத்து என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே, நான் சொல்லச் சொல்ல எவரும் எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன். காலையில் டீ வந்தபோது தொடங்கினேன், இந்த வரிக்கு வருவதற்குள் மதியச் சாப்பாட்டுத் தட்டையே எடுத்துப் போய்விட்டார்கள். எட்டு மாதமாகக் கடையில் ஆள் இல்லாத மதிய வேளையில், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் படித்தேன். அவர் தலையில் வெட்டுவதற்கு முடி இல்லை, என் தலையில் அதுவரை எழுத்து இல்லை, இருவருக்கும் பொழுது போயிற்று. முதல் கடிதத்தை உனக்குப் போட்டுத் திகைக்க வைக்கலாம் என்று வீட்டில் மூச்சு விடவில்லை, அதற்குள் நெஞ்சு முந்திக்கொண்டது.

ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். காலிலிருந்து ரத்தக் குழாயை உருவி நெஞ்சில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், இனி என் மனசு எங்கே வேண்டுமானாலும் நடந்து போகும். டாக்டர் வேலையில் குறை சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் சவரம் எனக்குத் தெரிந்த வேலை, அதில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நெஞ்சு முடியை மழிக்க வந்த வார்டு ஊழியர் சோப்புக்கூடத் தடவாமல், கோழிக்கு இறகு பிடுங்குவது போலப் பிடுங்கினார். கத்தியைச் சாய்த்துப் பிடிங்க தம்பி என்றேன். "பெரியவரே, இது ஆஸ்பத்திரி, சலூன் இல்ல, பேசாம படுங்க" என்றார். படுத்தேன். இப்போது இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இரும வேண்டும், மூன்று உருண்டைகள் உள்ள ஒரு குழாயை வாயில் வைத்து உறிஞ்சி உருண்டைகளை மேலே ஏற்ற வேண்டும். இரண்டு ஏறுகின்றன, மூன்றாவது உன் அண்ணன் மாதிரி, எவ்வளவு கூப்பிட்டாலும் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.

அண்ணன் பேச்சு வந்துவிட்டதால் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரியக்கூடாததைச் சிலேட்டில் எழுதி என் மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டு சிரிப்பீர்களே, சின்ன வயதிலிருந்து உங்கள் இருவருக்கும் அந்தப் பழக்கம். போன திங்கட்கிழமை அவன் என் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்தான். அவனுக்குக் கண் மங்கிவிட்டதால் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறான். என்னைப் போன்ற புது மாணவனுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது. நீ அனுப்பியதை எழுத்து எழுத்தாகப் படித்தேன். "ஆஸ்பத்திரி பேப்பர்னு சொல்லி அப்பாகிட்ட கைநாட்டு வாங்கிடு, கேட்டா கடைய விடமாட்டார்." எவ்வளவு தெளிவாக எழுதுகிறாய் மகளே, ஒரு இடத்திலும் நான் திணறவில்லை.

மறுநாள் அவன் மைப்பெட்டியும் தாளுமாக வந்தான். "ஒண்ணுமில்லப்பா, ஆஸ்பத்திரி பேப்பர்தான், இங்க விரல வைங்க" என்றான். தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தேன். எனக்கு இன்னும் மனதுக்குள் படிக்க வராது. என் கடையைப் பக்கத்துச் செல்போன் கடைக்காரருக்கு முழுசாக விட்டுவிடுகிறேன் என்ற வரியை முடிப்பதற்குள் வார்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. உன் அண்ணன் மைப்பெட்டியை மூடுகிறேன் என்று தன் விரலையே மையில் வைத்துவிட்டான். உன் அம்மாவாவது எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், "வாசிக்கத் தெரிஞ்ச மனுஷன் எதுக்கு இத்தனை நாளா என்னை மருந்துச் சீட்டப் படிக்க ஆள் தேடி அலைய விட்டீங்க?" என்று என் மேலேயே பாய்ந்தாள்.

மறுபடி கடையில் நிற்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். மூன்று மாதம் போகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நின்று வேலை பார்க்கலாம் என்றார். அதையே பிடித்துக்கொண்டு உங்கள் இருவரையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றுப் பக்கத்துக் கட்டில் கண்டக்டருக்கு, அவருடைய ரேசரை வாங்கி, முகம் மழித்துப் பார்த்தேன். ஒரு கன்னம் வழவழவென்று வந்தது. அடுத்த கன்னத்துக்குக் கை தூக்க முடியவில்லை, ரேசர் காதுப் பக்கம் வழுக்கிற்று. "அண்ணே, உயிரோட வீட்டுக்குப் போகணும்ணே" என்றார் கண்டக்டர். மீதிக் கன்னத்தை முடித்து வைத்தது யார் என்று நினைக்கிறாய், அந்தக் கோழி இறகு வார்டு ஊழியர்தான், அதுவும் சிரித்துக்கொண்டே.

அதனால் உன் அண்ணனைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். முழுசாக என்ற சொல்லை அடித்து ஆறு மாதத்துக்கு மட்டும் என்று என் கையால் எழுதினேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியும் கண்ணாடியும் என்னுடையவை, நான் வரும் நாளில் எவரும் தடுக்கக்கூடாது என்றும் எழுதினேன். செல்போன் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "முடி வெட்ட வர்றவங்க அப்படியே ஒரு போனும் வாங்கட்டும், எனக்கென்ன" என்று சம்மதித்துவிட்டார். கடையைக் கொடுத்தது நான், நீங்கள் வாங்கவில்லை. இந்த வித்தியாசம் உனக்குப் புரியும், நிறையப் படித்தவள்.

அண்ணனைப் போனில் திட்டாதே, யோசனை சொன்னவள் நீ, மாட்டிக்கொண்டவன் அவன். பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, நீங்கள் மூவரும் நல்ல உடம்போடும் கூட்டுச்சதி இல்லாமலும் நீண்ட நாள் வாழ வேண்டும். பதிலைத் தாளில், பெரிய எழுத்தாக எழுது. அண்ணன் பேருக்கு அனுப்பி அப்பாவிடம் படித்துக் காட்டு என்று சொல்லாதே, உறையின் மேல் என் பெயரைப் போடு. இந்த எழுபத்தொரு வயதில் என் பெயருக்கென்று ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

இப்படிக்கு,
விரலில் மை படாமல் கையெழுத்திடும்
உன் அப்பா