காணாமல் போன எட்டாம் நம்பர் அறை

உ

வடமாலபேட்டை,
29-8-2024, வியாழக்கிழமை.

சௌபாக்கியவதி ரக்ஷிதாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி வேணு மூன்று பேரும் ஏழுமலையான் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை யோகேஷும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம், கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனை உன் அம்மா என் கையில் கொடுப்பது கடைசி ஒரு நிமிஷம், அதற்குள் நான் சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அது போக, சில விஷயம் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. உன் சிநேகிதி மோனிகா ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாளாம், கறிவேப்பிலைப் பொடியோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. நம் லாட்ஜுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் வேணு மீசேவா கடையில் ஆன்லைனில் வந்த காகிதத்தைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கன்னிகா ரெசிடென்சி, வடமாலபேட்டை, அறைகள் பதினான்கு என்று போட்டிருக்கிறது. உன் அம்மா கன்னிகா என்ற தன் பேரை நாலு தடவை படித்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் அதைப் பார்த்ததும் கல்லாப்பெட்டி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் பாப்பா. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது நேற்றுதான் இறங்கியது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் எல்லாம் நடந்துக்கினு இருக்கு என்று சொன்னேனே, அது பொய். எதுவும் நடக்கவில்லை, ஃபைல் நின்றுபோயிருந்தது. நின்றதற்குக் காரணம் எந்த ஆபீசும் இல்லை, உன் நைனாதான்.

லாட்ஜ் கட்டுவதைவிட அதற்குக் காகிதம் வாங்குவது பெரிய வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ரோட்டோரத்தில் டிபன் கடை வைத்தவன், ஒரு லைசென்சைச் சுவரில் மாட்டிவிட்டு இட்லி ஊற்றினால் போதும் என்று பழகிவிட்டேன். ஆட்கள் படுத்துத் தூங்குகிற இடம் என்றால் வேறு கணக்காம். கடைக்குப் பின்னால் இருந்த நிலம் விவசாய நிலம், அதைக் கட்டடத்துக்கு என்று மாற்ற ஒரு உத்தரவு, பிளானுக்கு அனுமதி, சமையலறைக்குத் தனி, சாக்கடைத் தண்ணீருக்குத் தனி, வருகிறவர்கள் பேரை எழுதும் ரிஜிஸ்டருக்கு போலீஸ் ஸ்டேஷனில் தனி. இதில் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் ஒரே நாளில் ஸ்டேஷனுக்குத் தெரிவிக்க வேண்டுமாம், மாப்பிள்ளைக்கு அந்த ஊர் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் அவரையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று வேணு சிரிக்கிறான். அவன்தான் எல்லாவற்றுக்கும் அலைந்தான். ஸ்ரீசிட்டி கம்பெனி வேலையை ஜூன் கடைசியில் விட்டுவிட்டான் என்பது உனக்குத் தெரியும். புரட்டாசியில் சென்னைப் பக்கமிருந்து திருமலைக்கு நடந்து போகிறவர்கள் நம் வாசலைத் தாண்டித்தானே போகிறார்கள், இந்தப் புரட்டாசிக்குள் திறந்தால்தான் உண்டு, விட்டால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும் என்பது அவன் கணக்கு. மீஞ்சூர் பாதயாத்திரைக் குழுவுக்கு அறை தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டான். எல்லாம் சரியாகத்தான் வந்தது. மிச்சம் இருந்தது தீயணைப்புத் துறைக் காகிதம் ஒன்றுதான், அது வந்தால் பஞ்சாயத்தில் லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள்.

இங்கேதான் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கீழே ஆறு அறை, மாடியில் எட்டு அறை, ஆக பதினான்கு. கதவுக்குப் பித்தளை நம்பர் மாட்டுகிற அன்றைக்கு நான் புத்தூர் நாகபூஷணத்தைக் கூட்டி வந்தேன், எண் கணிதம் பார்ப்பாரே அவர். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன், எட்டு வேண்டாம் என்று. அது சனியின் எண், அந்த அறையில் யாராவது படுத்து ஏதாவது ஆனால் லாட்ஜுக்குத்தான் கெட்ட பேர். அவரும் தலையாட்டினார். மாடியில் ஏழு, அப்புறம் ஒன்பது, பத்து என்று போய் பதினைந்தில் முடித்தேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கிற கதவு ஸ்டோர் ரூம், அதற்கு நம்பர் கிடையாது. வேணு அப்போது திருப்பதிக்கு மெத்தை பார்க்கப் போயிருந்தான். வந்தவன் நம்பரைப் பார்த்துவிட்டு மெத்தைக் கணக்கு சொல்லத் தொடங்கிவிட்டான். ஆபத்து வந்தால் எப்படி வெளியே போவது என்று ஒவ்வொரு அறையிலும் ஒட்ட ஒரு படம் வேண்டும், அதைப் போடுகிற பையன் கதவு நம்பரைப் பார்த்து ஒன்று முதல் பதினைந்து வரை என்று போட்டுவிட்டான், நாங்களும் அதையே ஃபைலில் வைத்துவிட்டோம்.

ஆடி மாதம் சங்கடஹர சதுர்த்தியன்று தீயணைப்பு ஆபீசர் பார்க்க வந்தார். நல்ல மனிதர், கை நனைக்கக்கூட மாட்டார், ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. சிலிண்டர், மணல் வாளி, இரண்டாவது படிக்கட்டு எல்லாம் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தவர் மாடியில் ஏழாம் அறைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். பிளானில் பதினான்கு, படத்தில் பதினைந்து. ஏழுக்கு அடுத்து நம்பர் இல்லாத கதவு, அதுவும் பூட்டியிருக்கிறது. எனிமிதோ ரூம் எக்கட என்றார், எட்டாவது அறை எங்கே என்று. எட்டு லேது சார் என்றேன். இல்லையா, மறைத்து வைத்திருக்கிறீர்களா, இந்தக் கதவைத் திற என்றார். திறக்கலாம், சாவி வேண்டுமே. சாவி உன் அம்மா இடுப்பில், உன் அம்மா காணிப்பாக்கத்தில். லைசென்ஸ் நல்லபடியாக வர வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தாள். போனைக் கோயில் வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போனவளை எங்கே கூப்பிடுவது. அவர் அரை மணி நேரம் நின்றார், அந்த அரை மணி நேரத்தில் அது ஸ்டோர் ரூம்தான் சார் என்று நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன், சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. அனுமதி இல்லாத ஒரு அறை இருப்பதாகச் சந்தேகம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் தப்பே இல்லை, நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதுவேன்.

அதிலிருந்து ஃபைல் நகரவில்லை. மறுபடி விண்ணப்பம், மறுபடி தேதி, அவருக்கு மாவட்டம் பூராவும் வேலை. உன் அம்மா மறுநாளே சாவியை எடுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்கே போய், காணிப்பாக்கத்தில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுகிறேன் என்று நின்றாள். அவர் எழுந்து கும்பிட்டு, அம்மா, ஃபைலுக்குப் பிரமாணம் வேண்டாம், காகிதம் காவாலி, காகிதம்தான் வேண்டும் என்றாராம். எட்டு ஏன் இல்லை என்று கட்டடச் சொந்தக்காரர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், நம்பரையும் ஒழுங்காகப் போட்டுப் புதுப் படம் வைக்க வேண்டும், அப்போதுதான் திரும்ப வந்து பார்ப்பாராம். எனக்கோ வீம்பு. நம்பர் என் கதவு, என் இஷ்டம் என்று பதினைந்து நாள் ஓட்டினேன். காரணம் மட்டும் எழுதிக் கொடுக்கிறேன், நம்பரை மாற்ற மாட்டேன் என்றேன். வேணு சரியாகச் சாப்பிடவில்லை, மீஞ்சூர்க்காரர்கள் போன் வந்தால் எடுக்காமல் வெளியே போய்விடுவான். பழைய கம்பெனியில் இடம் இருக்கிறதா என்று அவன் யாரையோ கேட்டதும் என் காதில் விழுந்தது. அப்போதும் நான் இறங்கவில்லை பார்.

ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் அவன் கேட்டான். சத்தம் போடவில்லை. "அக்கா பொறந்த தேதியையே ஒருநாள் தள்ளிப்புட்ட. இப்ப ரூமையும் தள்ளிக்கினு நிக்கிற. எட்டு உன்ன என்னாதான் பண்ணிச்சி நைனா?" என்றான். உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

நீ பிறந்தது செப்டம்பர் எட்டு. உனக்குத் தெரியும், ஆனால் நான் ஏன் அதை மாற்றினேன் என்று உன்னிடம் ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை. நீ பிறக்க ஒரு வருஷம் முன்னால், ஒரு எட்டாம் தேதி என் நைனா போய்விட்டார், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர். அதிலிருந்து அந்த நம்பர் எதிரில் வந்தால் ஒதுங்கிப் போய்விடுவேன். ஆஸ்பத்திரியில் உன்னை என் கையில் கொடுத்தபோது தேதியைக் கேட்டுவிட்டுப் பயந்தேன். உன்னைப் பிடிக்காமல் இல்லை பாப்பா, உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒன்பது என்று எழுதிவிட்டேன். பத்தாவது பரீட்சைக்கு உன் ஹால் டிக்கெட் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று நான் முகத்தைச் சுளித்ததும், நீ அழுதுகொண்டே பஸ் ஏறியதும் எனக்கு மறக்கவில்லை. அந்த நம்பரில்தான் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எட்டாம் தேதி உன் அம்மா எனக்குத் தெரியாமல் உனக்குப் பாயசம் வைப்பாள், ஒன்பதாம் தேதி நான் ஊருக்கெல்லாம் சாக்லேட் கொடுப்பேன். நீ இரண்டுக்கும் சிரித்துக்கொண்டு நிற்பாய். ஒரு பிள்ளைக்குத் தான் பிறந்த நாளே ஆகாத நாள் என்று வீட்டில் கேட்டுக்கொண்டே வளர்வது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்குத் தட்டுக்கு முன்னால்தான் யோசித்தேன். என்னை மன்னித்துக்கொள்.

கை கழுவிவிட்டு நேராகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். மாடியில் எல்லா நம்பரையும் ஒரு கதவு தள்ளி மாட்டினால் போதும், புதிதாக வேண்டியது எட்டு ஒன்றுதான், பதினைந்து மிச்சம். பித்தளைக் கடையில் ஒற்றை எட்டு கேட்ட முதல் ஆள் நான்தான் என்று கடைக்காரர் சிரித்தார், எல்லோரும் எட்டு இல்லாமல் செட்டு கேட்பார்களாம், அவரிடம் எட்டு மட்டும் ஒரு டப்பா நிறைய தூங்குகிறது. ஆபீசருக்குக் காரணம் என் கைப்பட எழுதினேன். எட்டு ராசியில்லை என்று நான் நம்பியதால் அந்த எண்ணை விட்டுவிட்டேன், வேறு அறை எதுவும் இல்லை, தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை அவர் திரும்ப வந்தார். உன் அம்மா சாவியோடு காலையிலிருந்தே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டோர் ரூமைத் திறந்ததும் உள்ளே தலையணைக்குப் பக்கத்தில் அவள் வைத்திருந்த ஒரு மூட்டை மிளகாய் நெடியில் அவருக்கு ஏழெட்டுத் தும்மல். மிளகாய் மூட்டையை மட்டும் கீழே மாற்றச் சொல்லிவிட்டு, பதினான்கு கதவையும் எண்ணிப் பார்த்து, அங்கேயே எழுதிக் கொடுத்தார். இந்த முறை மோர் குடித்தார்.

திறப்பு விழா செப்டம்பர் எட்டு, ஆவணி ஞாயிறு, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். நாகபூஷணம் கிழமை நல்லது, தேதிதான் என்று இழுத்தார், பதினொன்று வைக்கலாமே என்றார். நான் எட்டுதான் என்றேன். கோகுலாஷ்டமிக்கு முறுக்கு சுட்டபோது உன் அம்மா கேட்டாள், எட்டாவது பிள்ளையாக அஷ்டமியில் பிறந்தவனுக்குச் சீடை உருட்டுகிறவன் எட்டைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும் என்று. இருபத்தொன்பது வருஷம் கழித்துக் கேட்கிறாள், முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்றால், கேட்டேன், நீதான் காதில் வாங்கவில்லை என்கிறாள். முழுக்கப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். கொஞ்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், இனி அது உன் தலையில் ஏறாது.

உன் பாஸ்போர்ட்டில் ஒன்பது அப்படியே இருக்கட்டும், அதை மாற்றப் போனால் அது இன்னொரு லைசென்ஸ் படலம், நான் தாங்க மாட்டேன். பொடியை ஃபிரிட்ஜில் வைக்காதே, கட்டிவிடும். முதுகு வலி என்றாயே, ஒருநாளாவது லீவு போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தம்பிக்கு ஒரு வாழ்த்து அனுப்பு, அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல், கேட்டது கிடைத்து, நூறு வருஷம் நல்லபடியாக வாழ வேண்டும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, உனக்கு விடிவதற்குள் போன் அடித்தால் திட்டாதே. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு போன் முதலில் என் கையில். நீ பிறந்த தேதியில் நான் உன்னை இதுவரை ஒரு வருஷம்கூட வாழ்த்தியதில்லை.

இப்படிக்கு,
உன் நைனா,
ஜெகநாதன்.

பின்குறிப்பு: எட்டாம் நம்பரை நானே திருகி மாட்டினேன். அந்த அறை ஜன்னலில் மலை முழுசாகத் தெரிகிறது. நம்பர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதாம், வேணு சரி பண்ண வந்தான், தொடாதே என்று சொல்லிவிட்டேன். டிசம்பரில் நீ வந்து சரி பண்ணு.