விளக்கு எரிந்தது அக்கா, பிளக்கில்தான் கரண்டு இல்லை

என் அருமை லட்சுமி அக்காவுக்கு,

நம் கேம்பர் வேன் மறுபடியும் மலையேறிவிட்டது. இந்த முறை ஓட்டியது நான். சிரிக்காதே. கம்போங் ராஜாவில் காதர் பாய் தன் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் வேன்களுக்கு வாடகைக்கு விடுகிறாரே, அந்த இடத்தில்தான் நிறுத்தினேன். எதிரே தேயிலைச் சரிவு, நீ கேட்டு வாங்கும் அதே ஓரம்.

உன் மகன் செல்வத்துக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. உன் பேரில் இருந்த வேன் இப்போது அவனுடையது. "ஒரு தடவ போய்ப் பாருங்க சின்னம்மா. கோளாறு கீளாறுன்னு போன் வந்துச்சுன்னா, வேன வித்துருவேன்லா," என்று ஈப்போவில் கிளம்பும்போதே சொல்லிவிட்டான். ரிட்டையரான பிறகு நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒரே உருப்படியான காரியம் இந்த வேன். அதையும் விற்றுவிட்டால் உன்னோடு பேச எனக்கு எங்கே இடம்? என்ன ஆனாலும் அவனுக்குப் போன் போடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

வந்ததும் பாய் அங்கே நட்டிருக்கும் கரண்டுக் கம்பத்து பிளக்கில் வேன் வயரை மாட்டி, கெட்டிலைத் தட்டினேன். சுடவில்லை. பிரிட்ஜிலும் சத்தமில்லை.

"லைட்டு எரியுதே டீச்சர், அப்புறம் எப்படி கரண்டு இல்லேங்கிறீங்க?" என்றார் காதர் பாய்.

"லைட்டு பேட்டரியில எரியுது பாய். பிளக்குக்கு வெளியிலேர்ந்து வரணும்." உன்னிடம் ஆயிரம் முறை கேட்ட பாட்டு, என் வாயில் தானாக வந்தது. பாய் கடை மிக்சியைக் கொண்டுவந்து கம்பத்தில் மாட்டிப் பார்த்தார். அது ஊரைக் கூட்டியது. ஆக, கோளாறு நம் பக்கம்தான்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தால் மெயின் சுவிட்சு ‘ஆஃப்’ பக்கம் விழுந்து கிடந்தது. தூக்கினேன், விழுந்தது. கெட்டில், பிரிட்ஜ், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் தூக்கினேன், அப்போதும் விழுந்தது. அந்த நேரம் பார்த்துச் செல்வம் கூப்பிடுகிறான். "எல்லாம் நல்லாருக்குடா, டீ போடப்போறேன்," என்று கூசாமல் சொன்னேன். பாய் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு உன் வழிதான். சின்னச் சுவிட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டேன். மெயின் விழாமல் நின்றது. ஒவ்வொன்றாக ஏற்றினேன். அடுப்படி நின்றது, படுக்கைப் பக்கம் நின்றது. வேனின் வெளிச்சுவரில் இருக்கும் பிளக்கின் சுவிட்சை ஏற்றியதுதான் தாமதம், டக்கென்று எல்லாம் போச்சு.

கம்பத்திலிருந்து வயரைக் கழற்றிவிட்டு வெளியே போய் அந்த பிளக்கின் மூடியைத் திறந்தேன். உள்ளே மங்களகரமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்! போன வருஷம் உன் துக்கத்தில் ஆயுத பூஜை இல்லை. இந்த வருஷம் நான்தான் கும்பிட்டேன். ஸ்டியரிங், டயர், கேஸ் அடுப்பு என்று வைத்துக்கொண்டே வந்தவள், நமக்கு வெளியே டீ போட்டுக்கொடுத்த பிளக்கை மட்டும் விடுவானேன் என்று, பன்னீரில் குழைத்த சந்தனத்தை மூடியைத் திறந்து துவாரத்திலேயே அப்பியிருக்கிறேன். நீ மூடிமேல் காய்ந்த குங்குமம் மட்டும்தானே வைப்பாய்? ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஈரச் சந்தனம் உள்ளே இறங்கி, கரண்டு கசிந்து மெயினைத் தள்ளியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

மேலே இருந்ததைத் துணியால் துடைத்தேன். உள்ளே போனதற்கு வயர்மேன்தான் வரவேண்டும். அந்தச் சுவிட்சை மட்டும் இறக்கியே வைத்துவிட்டு வயரை மாட்டினேன். பிரிட்ஜ் உறுமியது, கெட்டில் கொதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

சரி செய்தாகிவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் உன் பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேனே! போன் போட்டு, சந்தனம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "அம்மா இருந்திருந்தா உங்கள வெளுத்திருக்கும்," என்றான். நானே கேட்டுவிட்டேன்.

"வித்துருவியாடா?"

"வேனு கெடக்குது சின்னம்மா. அம்மாவும் போயிருச்சு. நீங்க தனியா கரண்டுல கைய வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, எனக்கு யாரு இருக்கா?"

இத்தனை நாளும் அவன் வேனைப் பற்றிப் பேசுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன் அக்கா. உனக்கு இது முன்பே தெரிந்திருக்குமோ?

வேன் விற்பனைக்கு இல்லை என்று அவனே சொல்லிவிட்டான், கவலைப்படாதே. ஆனால் உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இனி எங்கே நிறுத்தினாலும், எது கெட்டாலும், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அவனைக் கூப்பிடுவேன். அவனுக்குக் கரண்டு பற்றி ஒன்றும் தெரியாது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கூப்பிடுவேன். போனை வைக்காமல் அவன் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் அம்மா,
உன் தங்கை சரோஜா