ஆரஞ்சு வயிற்று விமானம்

அல்-ஜஃபர்,
10 மார்ச் 1995

என் உயிர் ஷிப்லிக்கு,

நஹார் எழுதுவது. உனக்கும் மகள் விஜ்தானுக்கும் பிந்திய பெருநாள் வாழ்த்து. வீட்டில் வத்ஹா நலம், ஆடுகள் நலம். மழைதான் இந்த வருஷம் விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்து, போக மனமில்லாமல் போனது. நம் சேற்று மைதானம் முழுக்கத் தண்ணீர். நம் கூட்டாளி முத்லக் அதன் நடுவில் பிக்கப்பை ஓட்டிப் புதைத்தான். அதை இழுக்கப் போன டிராக்டரும் புதைந்தது. டிராக்டரை இழுக்க வந்தவன் கதை இன்னும் பெரியது, அதை நேரில்தான் சொல்ல முடியும்.

என்ன சொல்ல வந்தேன்? விமானம். தரையில் நின்று ரேடியோவால் ஓட்டுகிற நம் சின்ன விமானங்களில் புதிதாக ஒன்றைக் கட்டி முடித்துவிட்டேன். அம்மானிலிருந்து வந்த லேசான பால்சா மரப் பலகையைச் சவர பிளேடால் வெட்டி வெட்டி, இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். மேலே போர்த்தும் தாளை இழுத்து ஒட்ட வத்ஹாவின் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். அவள் சும்மா இருப்பாளா?

“எனக்கு ஒரு ரொட்டிப் பலகை செஞ்சு குடுன்னு எத்தன வருஷமாக் கேக்குறேன்! அதுக்குக் கையில்ல. பறந்து போறதுக்கு மட்டும் கை இருக்கு!”

நேற்று இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு லேசாகக் குனிந்தது, அவ்வளவுதான். எடை சமமாக நிற்கிறது. இனி நீதான் வேண்டும். கட்டினவன் முதல் தடவை ஓட்டக் கூடாது, அவன் கை நடுங்கும் என்பது நம் மைதானத்து வழக்கம். அந்த வழக்கம் இல்லாவிட்டாலும் நான் உன்னைத்தான் கூப்பிடுவேன். என்ஜின் நடு வானத்தில் நின்றுபோன அந்தச் சிவப்பு விமானத்தை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவது மாதிரி இறக்கினாயே. அப்போது முத்லக்கே டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டான். அவன் எதற்கும் குவளையைக் கீழே வைப்பவன் இல்லை.

போன வசந்தத்துக்குப் பிறகு நீ இந்தப் பக்கமே வரவில்லை. மைதானம் காய்ந்ததும் வா.

உன்
நஹார்


அகபா,
22 மார்ச் 1995

மதிப்புக்குரிய நஹாருக்கு,

சலாம். நான் சொல்லச் சொல்ல விஜ்தான் எழுதுகிறாள். படகுக் கயிற்றுக் கடையில் என் கை எப்போதும் தாரும் எண்ணெயுமாக இருக்கிறது, பேனா வழுக்குகிறது. கடையை விட்டுவிட்டு வரவும் முடியாது. சீசன் ஆரம்பித்துவிட்டது. விமானத்தை முத்லக்கிடம் கொடு. அவனும் ஓட்டுவான்.

உன் வெள்ளை விமானம் என் கையில் உடைந்த அன்று நீ ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டுகளைத் தலைத்துணியில் பொறுக்கிக் கட்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். மற்றவர்கள் பேசியதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. உன் முதுகு மறக்கவில்லை.

உன் வேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். உன் இறக்கையைக் கையில் எடுத்தாலே அது பறக்கத் தயார் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இன்னொன்றை என் கையில் கொடுக்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதுவும் வெள்ளைதானா? நம் வானமும் வெள்ளை. அன்றைக்கு அது வருகிறதா போகிறதா என்று... சரி, விடு.

விஜ்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வாப்பா, உள்ளதச் சொல்லுங்க” என்கிறாள். “சொன்னத மட்டும் எழுதும்மா” என்கிறேன். இதையும் எழுதிவிட்டாள் போலிருக்கிறது.

வத்ஹாவுக்கு சலாம் சொல்.

ஷிப்லி


அல்-ஜஃபர்,
14 ஏப்ரல் 1995

என் ஷிப்லிக்கு,

பஸ் டிரைவர் உன் கடிதத்தோடு கருவாட்டையும் கொடுத்தார். கருவாட்டைப் பூனை தின்றது. கடிதத்தை நான் பலமுறை படித்தேன்.

நான் அன்று பேசாமல் போனதற்கு ஒரே காரணம்தான். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன். முத்லக்குக்கு முன்னால் அழுதால் அவன் அதைச் சவூதி எல்லை வரைக்கும் கொண்டுபோவான். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

புது விமானத்தை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. இறக்கையைக் கழற்றி எறிந்துவிட்டேன். பதறாதே, வேறொன்று கட்டிவிட்டேன். இது பழையதைவிட ஒரு முழம் நீளம், தடிமனும் அதிகம். மெதுவாகப் போகும், அவசரமே படாது. மேல் பக்கம் கறுப்பு. வயிற்றுப் பக்கம் பளீரென்று ஆரஞ்சு, அதில் குறுக்கே அகலமான கறுப்புப் பட்டைகள். வயிறு தெரிகிறதா முதுகு தெரிகிறதா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிந்துவிடும். எனக்குத்தான் வயசாகிறது, கண் மங்குகிறது, அதனால்தான் இப்படிச் செய்தேன்.

வத்ஹா பார்த்துவிட்டு, “இது என்ன விமானமா, கல்யாணப் பொண்ணோட மெத்தையா?” என்றாள். முத்லக் அதோடு விடவில்லை. “இதப் பாத்தா பருந்தே பயந்து ஓடிரும். நஹாரு, உம் பொண்டாட்டி பாவாடையக் கிழிச்சியா, உள்ளதச் சொல்லு!”

அவனையும் வேலை வாங்கினேன். எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க, ஏரியலை மடக்கிய ரேடியோவைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னேன். நான் விமானத்துக்குப் பக்கத்தில் படுத்து வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால் துடித்தால் நிற்கச் சொல்ல வேண்டும். அது துடிக்கவே இல்லை. அவன் நடந்துகொண்டே போய்விட்டான். கத்தினேன், கேட்கவில்லை. கடைசியில் அவன் மச்சான் கூடாரம் வரைக்கும் போய், அங்கே டீ குடித்துவிட்டு வந்தான். “ஏண்டா, டீ குடிக்கவாடா அனுப்புனேன்?” என்றால், “நிக்கச் சொல்லலியே நீ!” என்கிறான். ஆக, ரேடியோ நன்றாக எட்டுகிறது.

மைதானம் காய்ந்து ஓடு மாதிரி கிடக்கிறது. 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலையில், காற்று எழுவதற்கு முன்னால் வா. விஜ்தானையும் கூட்டி வா. நீ வராவிட்டால் இது கொட்டகையில் அப்படியே இருக்கட்டும். வேறு கையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

உன்
நஹார்


அகபா,
2 மே 1995

நஹார்,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கிறது, பக்கத்துக்கு நாலு வரிதான் பிடிக்கிறது. அதற்காகச் சிரிக்காதே.

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது. கட்டி முடித்த கைக்குப் பறந்தது எப்படி என்று சொல்லியாக வேண்டும்.

தரையில் ஓடும்போதே தெரிந்துவிட்டது. வால் தானாக எழும்பியது. நான் ரேடியோக் குச்சியை இழுக்கவே இல்லை, அது தன் இஷ்டத்துக்கு மண்ணை விட்டது. முதலில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு சொடுக்கு வலப்பக்கம் திருத்தினேன், அதற்கே சரியாயிற்று. வேறு யார் கட்டியிருந்தாலும் அரை நாள் திருத்தியிருக்க வேண்டும். திருப்பினால் ஆரஞ்சு தெரிந்தது, நிமிர்த்தினால் மறைந்தது. மைதானத்துக் கோடிவரை போக விட்டேன். அங்கேயும் தெரிந்தது, நஹார். கோடியிலும் எனக்குத் தெரிந்தது. இறங்கும்போது சக்கரம் தொட்டதை நான் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன்.

நடுவில் உன்னைக் கேட்டேன், “எப்படிடா போகுது?”

“அருமையாப் போகுதுடா” என்றாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விஜ்தான் என்ன சொன்னாள் தெரியுமா? “வாப்பா, நஹார் மாமா ஒரு தடவகூட மேல பாக்கல. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நின்னாரு. நீங்க கேட்டப்பவும் மூடித்தான் இருந்துச்சு.”

மலை இறக்கம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவனுக்கு எதற்கடா ஆரஞ்சு வயிறு?

இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் கொஞ்ச காலத்துக்குத்தான் என்கிறார் டாக்டர். போன வருஷம் அந்த வெள்ளை விமானம் என் முன்னாலேயே வானத்தில் கரைந்துபோனது. இதை மகளைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்காமல் போய் ஒரு இறக்கையைக் கழற்றி எறிந்திருக்கிறாய்.

என் ரேடியோவை உன் கொட்டகையில் விட்டு வந்தேன். மறந்துபோய் விடவில்லை. டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிடாதே.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். இந்தத் தடவை நீ ஓட்டு. நான் உன் தோளை ஒட்டி நிற்கிறேன். விமானம் எங்கே இருக்கிறது, வயிறு தெரிகிறதா முதுகு தெரிகிறதா என்று நீ சொல். விரல் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன். கை நடுங்கினால் நடுங்கட்டும். நீ கட்டியிருக்கிற இறக்கை அதைத் தாங்கும்.

கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்.

உன்
ஷிப்லி