இரண்டு மடங்கு வேகத்தில் நான்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் நலம். மீதியைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் கூட இருக்கிற பெயிண்டர் தம்பி விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன செவ்வாய்க்கிழமை வாய்ஸ் மெசேஜில் உங்களுக்கு ஒரு விஷயம் சொன்னேன். நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி, “சரிம்மா, பாத்துக்கோ” என்றீர்கள். நான் சொன்னது கட்டைவிரலைக் காட்டுகிற விஷயமே இல்லை. காதில் விழுந்திருந்தால் பழுதுபார்க்கிற லிஃப்டை அப்படியே போட்டுவிட்டு எனக்கு ஃபோன் செய்திருப்பீர்கள். அந்த அளவுக்கு உங்களை எனக்குத் தெரியும். ஆகவே நீங்கள் அதைக் கேட்கவில்லை. திரும்பவும் வாயால் சொல்ல ரோஷம் விடவில்லை, எழுதுகிறேன். காகிதத்தை வேகமாக ஓடவிட இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை.

அதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் விஷயம் ஒழுங்காக வராது.

எல்லாம் உங்கள் பாட்காஸ்ட் அம்மாளைப் பற்றித்தான். கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் அவள்தான் துணை என்று நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். வாரத்துக்கு ஒரு வீட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு அதன் கதையைச் சொல்கிறாள். குடை, கத்தரிக்கோல், பூட்டு. நல்ல நிகழ்ச்சிதான், யார் இல்லையென்றது? ஆனால் நம் பின்கதவுப் பூட்டு இறுகிப்போய்ச் சாவி திரும்ப மாட்டேனென்கிறது என்று நான் வாரக்கணக்கில் கரடியாகக் கத்தினேன். உங்கள் காதில் ஏறவில்லை. அவள் பூட்டைப் பற்றிப் பேசினாள், அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, நம்ம வீட்டுப் பூட்டெல்லாம் எப்படி இருக்கிறது, எண்ணெய் போடுகிறாயா என்று அக்கறையாக விசாரித்தீர்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அன்று முழுக்க ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன முறை நீங்கள் வந்திருந்தபோது நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லவே இல்லை. நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். சமையலறை மேஜையில் கிடந்த உங்கள் ஃபோனை நம் பெண் எடுத்து, நான் அனுப்பியிருந்த பழைய மெசேஜ் ஒன்றைத் தட்டினாள். எலிக்குஞ்சு கத்துவது போல் ஒரு சத்தம் வந்தது. நான்தான் அது. நான் அனுப்புவதையெல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று அவள் காட்டினாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் உங்கள் பாட்காஸ்ட் அம்மாளையும் தட்டினாள். அவள் சாவதானமாக, மூச்சு விட்டு, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் சுவைத்துப் பேசினாள். அவளுக்கு வைத்திருந்தது சாதாரண வேகம். நடுநடுவே அவள் சும்மா இருக்கிற நேரத்தைக்கூட நீங்கள் முழுசாகக் கேட்டிருக்கிறீர்கள். “அப்பாவுக்கு உன் குரல் எப்பவுமே இப்படித்தான் கேக்குதாம்மா?” என்று பெண் கேட்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

முகம் தெரியாத சக்களத்தி என்று வைத்துக்கொண்டேன். என்னதான் பேசுகிறாள் பார்ப்போம் என்று நானும் அவளைக் கேட்க ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில், எல்லா நேரமும். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். “ஆகவே” என்பதை அடிக்கடி சொல்கிறாள். தானே சொல்லித் தானே சிரித்துக்கொள்கிறாள். இதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளுக்கு ஒரு பெரிய ஜலதோஷம் பிடித்து ஒரு மாதம் படுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடவுளுக்கு இதைவிட முக்கியமான வேலை இருந்திருக்கும் போலிருக்கிறது.

பிறகு வெட்கத்தை விட்டு இன்னொன்றும் செய்தேன். அவளைப் போலவே குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டு அனுப்பினேன் என்றால் நம்புவீர்களா? தொண்டை கட்டியிருக்கிறதா, வெந்நீர் குடி என்று பதில் போட்டீர்கள். ஆடத் தெரியாதவள் மேடை ஏறியது போல ஆயிற்று என் கதை. அன்றோடு விட்டுவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக்கில் ஒரு நாள் வேலைக்கு நடுவே நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பல் டாக்டரம்மா என் கழுத்தையே பார்த்தார். இன்னொரு வாய் குடி என்றார். குடித்தேன். கை வைத்துப் பார்த்தார். நான் விழுங்கும்போது கழுத்தில் ஒரு கட்டி மேலே ஏறி இறங்குகிறதாம். தைராய்டு கட்டி. அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்தார்கள். பயப்படாதீர்கள், கெட்ட கட்டி இல்லை. ஆனால் வளர்ந்துகொண்டே வந்து மூச்சுக்குழாயை ஒதுக்குகிறது, எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை மெசேஜில் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கும் பெண்ணின் பரீட்சைக்கும் அப்புறம் இதைத்தான் சொன்னேன். நடுங்காமல் சொல்ல வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன். அதை நீங்கள் இன்னும் இரண்டு மடங்கு வேகமாகக் கேட்டீர்கள். அன்று மாலையே விசில் பிறந்த கதை என்று உங்கள் பாட்காஸ்ட் அம்மாளின் புது நிகழ்ச்சியை எனக்கு அனுப்பி, அவசியம் கேள் என்றீர்கள்.

இதுவரை சொன்னதுகூடப் பரவாயில்லை. ஆபரேஷன் டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். அதை மெசேஜிலும் சொல்லவில்லை, பெண்ணிடமும் சொல்லவில்லை. குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறதாம். கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் கொஞ்ச நாள் குரல் கரகரக்கலாம், சிலருக்குப் பழைய குரல் திரும்பாமலே போவதும் உண்டு என்றார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பல் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

வேலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குரல் இல்லாவிட்டால் மணி அடித்துக் கூப்பிடு, உன் நாற்காலி உனக்குத்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கத்தியை நினைத்தும் அவ்வளவு பயமில்லை. உங்களிடம் மறைப்பானேன், எனக்குத் தாங்காதது ஒன்றே ஒன்றுதான். என் குரல் போய், அவள் குரல் மட்டும் உங்கள் காதில் தினமும் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கப் போகிறது. அவள் என்ன பாவம் செய்தாள், என்னை அவளுக்குத் தெரியவே தெரியாது. இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்க மாட்டேனென்கிறது. உங்களோடு குடும்பம் நடத்துகிறவள் நான். கல்யாணமான புதிதில் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டவர்தானே நீங்கள்?

முடிந்தால் பத்தாம் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வாருங்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க டாக்டரம்மா இருக்கிறார், பெண்ணும் கெட்டிக்காரி. உங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தால் போதும். பெரிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டுச் சண்டை, கிளினிக்கில் பல்செட்டை மறந்துவிட்டுப் போனவர், இதே பேச்சுத்தான். கேட்டுக்கொண்டிருங்கள்.

லீவு கிடைக்காவிட்டால் மேலதிகாரியிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம், உங்கள் வேலை முக்கியம். அப்படியானால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஃபோன் நிறைந்துவிட்டது என்று மாதக் கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துப்போடுவீர்கள், என் மெசேஜ்கள்தான் முதலில் போகும் என்று எனக்குத் தெரியும். இந்த மாதம் கை வைக்காதீர்கள். அதில் நான் திட்டியது இருக்கும், இருமியது இருக்கும், குக்கர் சத்தத்தில் பாதி கேட்காமல் போனது இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இடம் போதாவிட்டால் அவளை அழியுங்கள். என்னை வைத்திருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் போட மறக்காதீர்கள். நீங்கள் நூறு வருஷம் நல்ல காதோடு இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
வீட்டில் இருப்பவள்